தற்காப்புப் பங்கு யாருக்குத் தற்காப்பு?

"சந்தை ஆடுதா? பயப்படாதீங்க, டிஃபென்சிவ் ஸ்டாக் வாங்கிப் போடுங்க." யூடியூபைத் திறந்தால் தமிழ் நிதி ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். சென்னையில் இருப்பவர் இந்துஸ்தான் யூனிலீவர், ஐடிசி என்கிறார். கொழும்பில் இருப்பவர் கம்பனிப் பெயரை மட்டும் மாற்றி அதையே நமக்குச் சொல்கிறார். மாங்கேணியில் டேட்டா போட்டு அதைப் பார்க்கிற ஒரு பொடியன், கையில் இருக்கிற இருபதாயிரத்தை எங்க போடுறது என்று யோசிக்கிறான். அவனை மனதில் வைத்துத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பொருளாதாரம் படுத்தாலும் சனம் சவர்க்காரம் வாங்குவதை நிறுத்தாது. பால்மா, மருந்து, தொலைபேசி எல்லாம் வேண்டும். சிகரெட்டும் சாராயமும் கூட விற்கும். அதனால் இவற்றை விற்கிற கம்பனிகளின் இலாபம், வீடு கட்டுகிற கம்பனி, ஹோட்டல் நடத்துகிற கம்பனி அளவுக்கு விழாது. பங்குலாபமும் ஓரளவுக்குத் தொடர்ந்து வரும். இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தற்காப்பு எதற்கு எதிரானது, யாரைக் காக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2022ஐப் பாருங்கள். 2021 முடியும்போது கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் 12,200 அளவில் நின்றது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது. 18 முதல் 22 வரை பங்குச் சந்தையையே மூடி வைத்தார்கள். 25இல் திறந்த அன்றே விலைகள் சரிந்து வர்த்தகத்தை நிறுத்த வேண்டி வந்தது. வருச முடிவில் சுட்டெண் 8,500க்குக் கிட்ட. சந்தை மூடிக் கிடந்த அந்தக் கிழமையில் நல்ல பங்கு, கெட்ட பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. எதையும் விற்க முடியாது. அரிசி வாங்கக் காசு தேடுகிறவனுக்கு விற்க முடியாத பங்கால் என்ன பிரயோசனம்?

சரி, விலை விழாத ஒரு பங்கு அவனிடம் இருந்தது என்றே வைப்போம். 2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 57 சதவீதம். வருசத் தொடக்கத்தில் நூறு ரூபாவாக இருந்த பங்கு முடிவிலும் நூறாகவே நின்றால், அதன் வாங்கும் சக்தி 64 ரூபா அளவுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ரூபாவே விழும்போது ரூபாவில் போட்ட எதுவும் தப்பாது. வீடியோக்காரர்கள் சந்தை ஆடும் காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நாட்டின் காசே ஆடிய காலத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை.

"பொறுமையா வைச்சிருந்தா மீண்டிருக்குமே" என்பார்கள். உண்மைதான், 2024 முடிவில் சுட்டெண் 15,900ஐத் தாண்டியது. ஆனால் அந்த மூன்று வருசத்தில் சாமான் விலை அதைவிட எவ்வளவோ கூட ஏறியது. அதோடு, மூன்று வருசம் தொடாமல் வைத்திருக்க யாரால் முடியும்? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. ஒரு தடவை கடலுக்குப் போக பத்து லீற்றர் அடிக்கிற படகுக்கு அது 2,530 ரூபா மேலதிகச் செலவு. அந்த வீட்டில் பங்கு இருந்திருந்தால் அடிமட்ட விலைக்கு விற்றிருப்பார்கள். பொறுமையா இரு என்கிற புத்தி, பொறுத்திருக்க வசதி உள்ளவனுக்குத்தான் உதவும்.

இந்தக் கம்பனிகளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? நம்மால் வாங்காமல் இருக்க முடியாது என்பதில் இருந்து. செலவு கூடினால் விலையை ஏற்றுவார்கள், நாம் கட்டுவோம். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா ஒரே தடவையில் 250 ரூபா ஏறி 790 ஆனது. மாதம் இரண்டு பெட்டி வாங்குகிற வீட்டுக்கு வருசத்துக்கு 6,000 ரூபா கூடுதல். இருபதாயிரத்தைப் பங்கில் போட்டு 6 சதவீதம் பங்குலாபம் வந்தால் வருசத்துக்கு 1,200. விலையேற்றத்தில் ஆறாயிரத்தை விட்டவன் பங்குலாபத்தில் ஆயிரத்து இருநூறைப் பெறுகிறான். இதற்குப் பெயர் தற்காப்பா?

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் நுண்கடன் நுழையாத கிராமம் எது? 2018இல் அரசு வட்டிக்கு 35 சதவீத உச்ச வரம்பு போட்டது. வரம்பே 35 என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! அப்படிக் கடன் உள்ள வீட்டில் ஒருவர் பங்கு வாங்குவது ஓட்டைத் தோணியில் சாமான் ஏற்றுவது போல. 35 சதவீதக் கடனில் ஆயிரம் ரூபாவைக் கூடுதலாகக் கட்டி முடித்தால் அதுவே வருசத்துக்கு 350 ரூபா மிச்சம். அவ்வளவு நிச்சயமான வருமானத்தை எந்தத் தற்காப்புப் பங்கும் தராது.

அரசின் பங்கையும் மறக்க வேண்டாம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போன நம்மட பிள்ளைகளின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி போடும் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் போகிறது. அவர்களின் மிகப் பாதுகாப்பான சேமிப்பு அதுதான். 2023 யூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் முறிகளை விட்டுவிட்டு அந்த நிதியத்தின் முறிகளில்தான் கைவைத்தார்கள். புதிய முறிக்கு மாறாவிட்டால் 30 சதவீத வரி என்றார்கள். தொழிலாளியின் தற்காப்பை உடைத்த அதே நாட்டில் "உன் தற்காப்பை நீயே பங்கில் தேடிக்கொள்" என்று சொல்வது எவ்வளவு வசதியான உபதேசம்!

பங்கு வாங்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. வரிசையை மாற்று என்கிறோம். முதலில் கூடின வட்டிக் கடனை அடை. அடகில் கிடக்கிற நகையை மீள். 2004 சுனாமியிலும் 2006-07 வாகரை இடப்பெயர்விலும் ஓடிய சனத்துக்குத் தெரியும், எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று. பிறகு மூன்று மாதச் செலவை உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வை. வலை, எஞ்சின், படிப்பு, கைத்தொழில் இவற்றுக்குச் செலவழி. அதற்குப் பிறகும் ஐந்து வருசத்துக்குத் தேவைப்படாத காசு இருந்தால் பங்கு வாங்கு, கம்பனியின் வருடாந்த அறிக்கையைப் படித்துவிட்டு வாங்கு.

அதோடு நிற்கவும் கூடாது. நுண்கடனைக் கட்டுப்படுத்தக் கேட்கிறதும், மீனவருக்கு எரிபொருள் நிவாரணம் கேட்கிறதும், சேமலாப நிதியத்தில் இனிக் கைவைக்காதே என்று கேட்கிறதும் முதலீட்டுப் பேச்சுக்கு வெளியே உள்ள விசயங்கள் இல்லை. நம்மட காசைக் காக்கிற வேலையின் பெரிய பகுதி அங்கேதான் கிடக்கிறது. அதைத் தனித்தனியாகச் செய்ய முடியாது. கூட்டுறவுச் சங்கத்திலும் மீனவர் சங்கத்திலும் போய் உட்கார்ந்து பேச வேண்டும். வீடியோ பார்க்கிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை அதற்கு ஒதுக்குங்கள்.