ராடார் கூடத்தில் நம் பிள்ளைகள்

“அண்ணா, பெங்களூரு ராடார் ஆய்வகத்துல நம்ம பிள்ளைங்களச் சேர்த்துக்குவாங்களா?”

எங்கள் காலனியின் மாலைநேர வகுப்பில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தங்கை ஒருத்தி கேட்டாள். எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ் படித்தவன் நான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்புமே, ராடாரின் அடிப்படை அதுதான். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் அந்த அலை, 150 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். மழை, மலை, பறவை எல்லாமும் எதிரொலிக்கும். அவற்றுக்கு நடுவே விமானத்தின் மெல்லிய எதிரொலியைப் பிரித்தெடுப்பதுதான் பொறியாளர் படும் பாடு. 1999 கார்கில் போரில், எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ராடார் நம் படையிடம் போதுமான அளவில் இல்லை. பிறகு டிஆர்டிஓவின் பெங்களூரு ஆய்வகமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸ்வாதி’, பறந்துவரும் குண்டின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பீரங்கி நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. எதிரியின் ராடாரை ஒட்டுக்கேட்பதும் அதைக் குழப்புவதும் மின்னணுப் போர்முறை. அதற்கான ஆய்வகம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

நுழைய வழி உண்டு. ‘சயின்டிஸ்ட் பி’ பணிக்கு முதல் வகுப்புப் பொறியியல் பட்டமும் நல்ல கேட் மதிப்பெண்ணும் வேண்டும், பிறகு நேர்காணல். கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், நமக்குக் கட்டணம் பாதிதான். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடும் 5 ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு. ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பணிகள் தனியே இருக்கின்றன. இவ்வளவையும் நம் ஊர்க் கல்லூரிகளில் யார் சொல்கிறார்கள்?

அவளிடம் சொல்லத் தயங்கிய செய்தி ஒன்று உண்டு. குரூப் ஏ பணியின் முதல் படிக்கு மேலே உள்ள அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சிப் பணியிடங்களுக்கு, துறை அமைச்சர் ஒப்புதலோடு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 1975இல் மத்திய அரசு உத்தரவிட்டது. வாசலில் இடம் கொடுத்து மாடிப்படியில் மறிக்கிற ஏற்பாடு இது. டிஆர்டிஓ விஞ்ஞானியின் பதவி உயர்வும் மதிப்பீட்டுக் குழுவின் நேர்காணலைக் கடந்தே கிடைக்கிறது. ஆராய்ச்சி என்றதும் நம்மவர் வந்தால் தரம் குறையும் என்ற பழைய எண்ணம்தான் இந்த விலக்குக்குள் ஒளிந்திருக்கிறது என்பேன். ஒரே தேர்வு எழுதி, ஒரே ஆய்வகத்தில் உழைத்தவருக்கு மேற்படியில் மட்டும் தகுதி எங்கே போய்விடும்?

1975 உத்தரவை மத்திய அரசு திரும்பப் பெற வேண்டும். அதுவரை, எந்தப் படிநிலையில் எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. மாநில அரசு தன் பங்குக்கு ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கேட் பயிற்சி நடத்தலாம்.

கடைசியில் அந்தத் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “மாடிப்படிய அப்புறம் பாத்துக்கலாம்ணா” என்றாள். இப்போது வகுப்பு முடிந்து சிறுவர்கள் போன பிறகும் விளக்கை அணைக்காமல் பழைய கேட் வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.