வீட்டுப் பட்டறைக்கு மேசை வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க மணிக்கட்டை அளந்து பாருங்க!

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். போர்ட்டிகோவில் நிற்கும் பைக்கை வெளியே நகர்த்திவிட்டு வீட்டுக்காரர் குனிந்து நிற்பார். எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் அவருடைய இடது கால். கையில் ரம்பம். “யாராவது வந்து இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன்” என்று உள்ளே குரல் போகும். அடுப்பைக் குறைத்துவிட்டு மனைவி வருவார். இல்லையென்றால் படித்துக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து வரும்.

கை ரம்பம் இருந்த காலத்தில் இதைச் சமாளித்துவிட்டார்கள். இப்போது பல வீடுகளில் ஆங்கிள் கிரைண்டர் வந்துவிட்டது. நான்கு அங்குல கிரைண்டரின் டிஸ்க் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றும். ஸ்டூல் ஒருமுறை ஆடினால் போதும், டிஸ்க் துள்ளிப் பலகையை மிதித்திருக்கும் காலில் இறங்கும், அல்லது பிடித்திருக்கும் பிள்ளையின் கையில் இறங்கும். வேலை மேசை ஆடம்பரமா, அவசியமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. ஆலையில் ஃபிட்டராகவோ வெல்டராகவோ இருந்து ஓய்வு பெற்றவருக்கும், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரையும் தண்ணீர் மோட்டாரையும் தானே பிரித்துப் பார்க்கும் விவசாயிக்கும் வீட்டில் ஒரு சின்னப் பட்டறை இருந்தால் செலவு மிச்சம், பொழுதும் போகும்.

தரையா, மேசையா?

மேசை இல்லாமல் நல்ல வேலை நடக்காது என்று யாராவது சொன்னால், வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் அரும்பாவூரைக் காட்டலாம். சாமி சிலைகளும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் செய்கிற ஊர். வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் உருவாகும் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தரையில் சம்மணமிட்டு, கட்டையை முன்னால் வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்வது நம் சிற்பிகளுக்குத் தலைமுறைப் பழக்கம். பெரிய கட்டை தன் எடையாலேயே அசையாமல் இருக்கும். அதைச் சுற்றி நகர்ந்து எல்லாப் பக்கமும் செதுக்கலாம்.

ஆனால், நீளமான பலகையை இழைப்பது, இரும்பை அராவுவது, மோட்டாரைப் பிரிப்பது எல்லாம் வேறு வேலை. ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டால், தரையில் உட்கார்ந்து எழுவதே பாதி வேலையாகிவிடும். எனவே முதல் கேள்வி, ‘என்ன மேசை?’ என்பதல்ல, ‘என்ன வேலை?’ என்பதுதான்.

எவ்வளவு உயரம்?

செருப்பு போட்டு வேலை செய்பவர் செருப்போடு நேராக நிற்க வேண்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், தரையிலிருந்து மணிக்கட்டு வரை எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அதுதான் இழைக்கவும் அறுக்கவும் ஏற்ற மேசை உயரம். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இது 32, 33 அங்குலம் வரும்.

இரும்பை அராவுவதற்கு வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். அதே ஆளுக்கு இது 41 அங்குலம் அளவில் வரும். அப்படியானால் இரண்டு மேசையா? தேவையில்லை. நான்கு அங்குல பெஞ்ச் வைஸே ஆறேழு அங்குலம் உயரம் இருக்கும். 33 அங்குல மேசையில் அதைப் பொருத்தினால் வாய் கிட்டத்தட்ட முழங்கைக்கு வந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் அடியில் ஒரு மரக்கட்டை கொடுக்கலாம்.

நுண்ணிய வேலைக்கு, மிக்ஸி ஸ்விட்சைப் பிரிப்பது மாதிரியானவற்றுக்கு, எட்டு அங்குல உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்து மேசை மேல் வைத்துக்கொண்டால் கழுத்து வலிக்காது. இரண்டடி அகலம் போதும். அதற்கு மேல் போனால் சுவர்ப் பக்கம் கை எட்டாது. நீளம் ஐந்திலிருந்து ஆறு அடி.

மேலே எந்தப் பலகை?

பலருக்கும் முதலில் தோன்றுவது கடப்பா கல். சமையலறை அலமாரிக்கு அது சரி. சுத்தியல் அடி விழும் இடத்தில் விரிசல் விடும், உளியின் முனையையும் கெடுக்கும். எம்.டி.எஃப் பலகை மலிவு. மழைச்சாரல் பட்டால் ஊதிவிடும். திறந்த போர்ட்டிகோவுக்கு அது ஆகாது.

பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீரைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 19 மி.மீ. தாள் இரண்டை ஒட்டித் திருகினால் ஒன்றரை அங்குலக் கனம் கிடைக்கும். அடி தாங்க அது போதும்.

இன்னொரு வழி, பழைய மரக்கடை. ஓட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரம், நிலை, கதவுப் பலகைகள் பல வருடம் காய்ந்தவை. இனிமேல் பெரிதாக வளையாது. வாங்கும்போது கட்டையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே செல்லரித்திருக்கலாம். ஆணி மிச்சமிருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே இழைப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். புதிதாக அறுத்த ஈர மரத்தை, முக்கியமாகத் தைல மரத்தை, விலை குறைவென்று வாங்கினால் அது காய்ந்து பிளக்கும்.

ஆடுகிற மேசை வேண்டாம்

மேசையின் பாதி மதிப்பு அதன் காலில் இருக்கிறது. கிரில் பட்டறையில் கொடுத்துச் செய்வதானால் 40-க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான்கு காலையும் கீழே சட்டத்தால் இணைத்து, பின்பக்கம் குறுக்கே ஒரு சாய்வுக் கம்பி கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். கீழ்த்தட்டில் கனமான சாமான்களை அடுக்கினால் மேசைக்குக் கூடுதல் எடை கிடைக்கும். சொந்த வீடு என்றால் சுவரோடு போல்ட் போட்டுவிடலாம். மரக்கால் என்றால் தரையில் நேரடியாக நிற்கக் கூடாது. அடியில் இரும்புத் தகடு வைத்தால் ஈரம் ஏறாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

ரெடிமேடாக வாங்குபவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு முனையில் நின்று இரண்டு உள்ளங்கையையும் விளிம்பில் வைத்து, இழைப்புளி தள்ளுவதுபோல நீளவாக்கில் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். கடையில் ஆடுவது வீட்டில் இன்னும் ஆடும்.

வைஸை மேசையின் கால் இருக்கும் மூலைக்கு மேலாகப் பொருத்த வேண்டும். பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட், அடியில் வாஷர், நட். வெறும் திருகாணி நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும்.

இடமே இல்லையா?

1961-ல் இங்கிலாந்தில் ரான் ஹிக்மேன் என்ற கார் வடிவமைப்பாளர் நாற்காலியை மேசையாக வைத்து மரம் அறுத்தார். மரத்தோடு நாற்காலியும் அறுபட்டது. அதன் பிறகு அவர் உருவாக்கிய மடக்கு மேசையைத்தான் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் ‘ஒர்க்மேட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. மேசையின் இரண்டு பலகைகளே வைஸ் மாதிரி இறுகிப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். வாடகை வீட்டுக்கும் பைக் நிற்கும் போர்ட்டிகோவுக்கும் இந்த வகை நல்லது. ஆனால் எடை குறைவு என்பதால் கனமான சுத்தியல் வேலைக்கு ஒத்துவராது.

மேசை வந்ததும் இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கோட்டின் மேல் கையின் நிழலே விழும். கிரைண்டருக்குத் தரையில் இழுத்துவிட்ட ஒயர் வேண்டாம்; எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட்டைச் சுவரில் கொடுத்து, வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் கிரைண்டரையும் உளியையும் பூட்டு போட்ட டிராயரில் வைத்துவிட்டால் குழந்தைகள் பற்றிய கவலை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையை வைஸ் பிடித்துக்கொள்ளும். அடுப்பைக் குறைத்துவிட்டு யாரும் ஓடிவர வேண்டியதில்லை. பிள்ளை வந்தால், பிடித்துக்கொள்ள அல்ல, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வரட்டும்.