புல்லும் பாலும்

பசும்புல் போட்டும் பால் குறைகிறதென்று அங்கத்தினர் சிலர் பசுவையே விற்றுவிடுகின்றனர். இது அவசரமென்பது என் அபிப்பிராயம். கன்று ஈன்ற ஆறு, எட்டு வாரங்களில் பால் உச்சத்தை எட்டிப் பின் படிப்படியாக இறங்குவது இயற்கை. உட் என்னும் அறிஞர் 1967-இல் இவ்வளைவை ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். அவ்வளைவுக்கும் கீழே குறையும் பாலுக்குத்தான் தீவனம் பதில் சொல்ல வேண்டும்.

கம்பு நேப்பியர் புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். புல்லால் மட்டும் நிரப்புவதாயின் 60 கிலோ! வேறொன்றும் சேர்க்காது 25 கிலோ போட்டுவிட்டுப் புல்லைப் பழிப்பது நியாயமன்று. (கோடைக்காலத்தை நான் சொல்லவில்லை.)

சங்கத்தின் பால் ஏட்டில் ஈன்ற தேதியையும் புல்லின் எடையையும் சேர்த்தெழுதக் காரியதரிசிகள் இம்மாதமே முற்படலாம். மாட்டுச் சந்தைக்குப் புறப்படுமுன் அங்கத்தினர் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.