பொத்தானைப் பழுதுபார்க்கும் உரிமை

கைப்பேசியின் விளிம்பில் விரல்நுனிக்குள் அடங்கிவிடும் பவர் பட்டன் பழுதாகிவிட்டால், திரையில் ஒரு கீறலும் இல்லாமல், காமிராவில் ஒரு குறையும் இல்லாமல், பேச்சும் கடிதமும் பணப்பரிமாற்றமும் தடையின்றி நடந்துகொண்டிருந்த ஒரு கருவி, உடையவரின் சொற்படி எழவும் அடங்கவும் மறுக்கும் பொருளாகிவிடுகிறது. அதைச் சரிசெய்து தருமாறு கேட்டுப் போகிறவருக்கு, "இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை, புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள்" என்ற பதில் பல இடங்களில் கிடைக்கிறது. அற்பமான ஓர் உறுப்புக்காக முழுக் கருவியையும் கைவிடச் சொல்லும் இந்த யோசனையை நாம் நியாயமென்று ஏற்றுக்கொள்ளலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அந்தப் பொத்தானின் அமைப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. அதன் அடியில் மெல்லிய உலோகக் குமிழ் ஒன்று இருக்கிறது. விரல் அழுத்தும்போது அது அமிழ்ந்து மின்சுற்றைப் பூர்த்தி செய்கிறது. பழுதுபார்ப்போர் பிளெக்ஸ் என்றும் ஸ்ட்ரிப் என்றும் வழங்கும் வளையும் பட்டை அந்தச் சமிக்ஞையைப் போர்டுக்குக் கொண்டுசெல்கிறது. வியர்வையும் ஈரமும் கசிந்து தொடுமுனைகளை அரிப்பதாலும், தூசி படிவதாலும், கருவி கீழே விழுந்து பட்டை விலகுவதாலும், ஓயாத அழுத்தத்தால் குமிழ் தளர்வதாலும் பழுது நேர்கிறது. சில சமயம் பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ள, யாரும் தொடாமலே கருவி மறுபடி மறுபடி அணைந்து எழுவதும் உண்டு. விலையுயர்ந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல. 2013 மார்ச் வரை தயாரான ஐபோன் 5 கருவிகளில் ஒரு சிறு பகுதியில் இந்தப் பொத்தான் இயங்காமல் போகலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2014 ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, அந்த உறுப்பை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. குறை பொத்தானில் இருந்தால் பரிகாரமும் பொத்தானோடு முடிய வேண்டும் என்ற நியதிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பழுது நீங்கும்வரை சமாளிக்கும் உபாயங்கள் சில உண்டு. முதலில் மேலுறையைக் கழற்றி, அது பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, தேர்ந்த கையிடம் கருவியை ஒப்படைப்பதே க்ஷேமம். மற்றபடி, சார்ஜரைச் செருகினால் திரை விழித்துக்கொள்ளும். பல மாடல்களில் திரையை இருமுறை தட்டினாலும் விழிக்கும். ஆண்ட்ராய்டில் உள்ள அணுகல்தன்மை மெனுவும், ஐபோனில் உள்ள அசிஸ்டிவ் டச் வசதியும், பொத்தான் செய்யும் காரியங்களில் பலவற்றைத் திரையிலேயே செய்துகொள்ள இடமளிக்கின்றன. எனினும் பாட்டரி முழுவதும் தீர்ந்து கருவி அணைந்துவிட்டால் அது மீண்டும் எழும் என்பது எல்லா மாடலுக்கும் நிச்சயமில்லை. ஆகையால் படங்களையும் தொடர்பு எண்களையும் உடனே வேறிடத்தில் பிரதியெடுத்துக்கொள்வது அவசியம்.

ஆனால் இந்த உபாயங்களால் ஈடுசெய்ய முடியாத ஒரு காரியம் இருக்கிறது. பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு மத்திய சர்க்கார் 2016-இல் விதி ஒன்று வகுத்து, 2017 ஜனவரி 1 முதல் விற்பனையாகும் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆபத்துக்கால அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை விரைந்து மும்முறை அழுத்தினால் அந்த அழைப்பு போகவேண்டும் என்பது அவ்விதி ஏற்ற வழிகளில் ஒன்று. இரவில் தனியே வீடு திரும்பும் ஒரு பெண், திரையைத் திறக்கவோ எண்களைத் தேடவோ அவகாசமில்லாத ஒரு கணத்தில், சட்டத்தை நம்பி விரல் வைக்கும் இடம் அந்தப் பொத்தான். ராஜ்யமே பிரஜையின் அபயக்குரலை ஒப்படைத்திருக்கும் ஓர் உறுப்பு செயலற்றுக் கிடக்கையில், அதைச் சரிசெய்யும் மார்க்கத்தை வியாபாரிகளின் சித்தத்துக்கு விட்டுவைப்பது எந்த வகையில் தர்மமாகும்?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே அமலுக்கு வந்துள்ள விதிகளின்படி, ஒரு மாடல் சந்தைக்கு வருவது நின்றபின்னும் குறைந்தது 7 ஆண்டுகளுக்கு அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கவேண்டும். அந்தப் பட்டியலில் பொத்தான்களும் அடங்கும். பிரான்ஸோ, ஒரு கருவி பழுதுபார்க்க எவ்வளவு இசைவானது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு வாங்குவோர் கண்ணில் படும்படி வைக்கும் முறையை 2021-இலேயே கைக்கொண்டது. நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதே நோக்கில் ஒரு குழுவை நியமித்து, அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தையும் திறந்து வைத்தது. நல்ல ஆரம்பம் என்று அதைப் போற்றுகிறேன்; எனினும் தகவல் அளிப்பது வேறு, உதிரிப்பாகம் தருவதைக் கடமையாக்குவது வேறு.

நீர் புகாதபடி பசையிட்டு மூடிய கருவியைப் பயிற்சியற்ற கைகள் திறந்தால் அதன் காப்பு கெடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆட்சேபத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தக் காப்பைப் புதுப் பசையால் மீண்டும் அமைக்கலாம். கைகளுக்குப் பயிற்சியும் அளிக்கலாம். சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வோர் ஊர்க் கடைவீதியிலும் பூதக்கண்ணாடியும் சால்டரிங் அயனுமாக உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளுக்குத் திறமை குறைவில்லை. குறைவது அசல் பாகமும், பல கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் தரும் வழிகாட்டிக் குறிப்பும்தான். இவ்விரண்டும் மறுக்கப்படுவதனாலேயே, செத்த கருவிகளிலிருந்து கழற்றிய பாகங்களையும் தரமறியாத போலிகளையும் வைத்து அவர்கள் வேலை செய்ய நேர்கிறது.

ஆகவே, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் பொத்தான், பாட்டரி, சார்ஜிங் போர்ட், திரை ஆகியவை குறைந்தது 7 ஆண்டுகளுக்கு நியாய விலையில், எந்தப் பழுதுபார்ப்போருக்கும் கிடைக்கவேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டும். சட்டம் வரும்வரை வாசகர்களும் வாளாவிருத்தல் ஆகாது. வாங்குமுன் உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேளுங்கள். பழுதுக்குக் கொடுக்கும்போது ரசீது பெறுங்கள். உத்தரவாதக் காலத்தில் நியாயம் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முறையிடுங்கள். ஒரு பொத்தானைச் சரிசெய்து கொடுக்க மனமில்லாத கம்பெனிக்கு, நமக்கு இன்னொரு கைப்பேசியை விற்கும் யோக்கியதை இல்லை.