மண்ணின் பங்கு மண்ணுக்கே

அள்ளுவதும் கொட்டுவதுமே தூய்மை என்றிருந்த காலம் முடிந்தது. கொடுங்கையூர்க் குப்பை மேடும் பெருங்குடிக் குப்பை மேடும் அதன் தோல்விக்குச் சாட்சிகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே குப்பையைக் குவித்த சிந்தனைக்கு எதிர்காலம் இல்லை. அதன் தோல்வியை நிறுவும் பொறுப்பை வரலாறு ஏற்றுக்கொண்டது. மாற்றை நிறுவும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

மண் தந்தது மண்ணுக்கு மீள்வது இயற்கையின் நீதி. அந்த மீட்சியை ஒவ்வொரு வீட்டிலும் நிலைநாட்டுவது எங்கள் அரசியல். கீரையின் பச்சையத்தில் மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. காய்கறித் தோலிலும் கீரைத்தண்டிலும் இருக்கும் அதே சத்தை வீதியில் எறிந்துவிட்டு, மூட்டையில் விலைக்கு வாங்குவது வளமன்று, வறுமை.

சமையலறைக் கழிவைத் திரவ உரமாக்கும் வழியை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் காலம். மட்கு கனிய இரண்டு மாதமாகும். முளைக்கீரையோ ஏறக்குறைய 25 நாளில் அறுவடைக்கு நிற்கும். குறுகிய ஆயுளுக்கு விரைந்த உணவு வேண்டும். வேர் உடனே பருகும் உணவு வேண்டும்.

எங்கள் செய்முறைக்குக் காப்புரிமை இல்லை. மூடியுள்ள ஒரு வாளி. அதில் பொடியாக நறுக்கிய காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், ஒரு கைப்பிடி வெல்லம், அனைத்தும் மூழ்கும் அளவு கழுநீர். காற்று வெளியேற இடம் விட்டு மூடி, நிழலில் வைத்து, நாள்தோறும் கிளற வேண்டும். இரண்டு வாரத்தில் நுரை அடங்கிப் புளித்த வாசம் எழும். துணியில் வடித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, மாலையில் வேரடியில் ஊற்றுவோம். சக்கை மட்குத் தொட்டிக்குப் போகும். எதுவும் வெளியேறாது, எதுவும் வீணாகாது.

நாங்கள் மறுப்பவையும் உண்டு. எண்ணெயும் உப்பும் இறைச்சி மீதமும் வாளிக்குள் வருவதை மறுக்கிறோம். வேரைக் கருக்கும் நீர்க்காத கரைசலை மறுக்கிறோம். அழுகல் நாற்றம் வீசும் கரைசலைப் பாத்தியில் இறக்க மறுக்கிறோம். உண்ணும் இலையின் மீது ஊற்றுவதை மறுக்கிறோம். யூரியாவின் அவசரத்தை மறுக்கிறோம். நுண்ணுயிர்களின் உழைப்பை மதிக்கிறோம். நம் அழுகலைத் தூய்மைப் பணியாளரின் கையில் திணிக்கும் ஆணவத்தை மறுக்கிறோம். வாளியைக் கிளறும் வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டும் வழக்கத்தை மறுக்கிறோம். உண்பவர் எல்லோரும் கிளறுவர்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லின. பிரிப்பது சட்டத்தின் கடமை. பயன்கொள்வது குடிமையின் மாண்பு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வயல்களில் விதைத்த சிந்தனையை மொட்டைமாடிகளுக்கு ஏற்றுகிறோம். சிறுகீரையும் அரைக்கீரையும் பாலக்கும் தழைக்கும் ஒவ்வொரு தொட்டியும் இக்கொள்கையின் நிரூபணம்.

இவ்வியக்கத்துக்குச் சந்தா இல்லை, தலைமையகம் இல்லை. ஒரு வாளியும் ஒரு தொட்டி மண்ணும் உள்ள எவரும் உறுப்பினர். கற்றதை அண்டை வீட்டாருக்குச் சொல்வதே உறுப்பினரின் உறுதிமொழி. குப்பை மேடுகளின் காலத்தை வீதிதோறும் முடித்துவைப்போம். வளத்தின் காலத்தை வீடுதோறும் தொடங்கிவைப்போம்.