மாடி மேல் மாடி ஏன் வருகிறது?

"ஏன் அக்கா, ரெண்டு மாடி இருந்த இடத்திலே அஞ்சு மாடி எழுப்புறாங்களே, கேட்பாரே இல்லையா?" சென்னையில் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் எங்கள் தெருப் பெண்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது. கணக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதியைத் தைரியமாகக் கேள்வி கேட்டுவிடலாம்.

ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு இது 1.5. 2019-ல் வந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. அதாவது, ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் இப்போது 4,800 கட்டலாம். தெரு அகலமாக இருந்து, அரசுக்குக் கட்டணமும் செலுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஸ்டேஷனைச் சுற்றி வீடுகள் பெருகுவது நல்லதா? 2015-ல் ஓட ஆரம்பித்த மெட்ரோவுக்குக் கொட்டிய பணம் கொஞ்சமா? நடக்கிற தூரத்தில் நிறையக் குடும்பங்கள் இருந்தால்தான் ரயில் நிரம்பும், ரோட்டில் வண்டியும் குறையும். ஊருக்கு வெளியே வீடு பார்த்துப் போய், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

ஆனால், வீடு பெருகி, குடிநீரும் சாக்கடைக் குழாயும் பழைய அளவிலேயே நின்றால் அவதி நமக்குத்தான். பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பினால் கேளுங்கள்: சுற்றிலும் காலியிடம் விட்டிருக்கிறார்களா? வண்டி நிறுத்த உள்ளேயே இடம் உண்டா? மழைநீர் சேமிப்புக்கு வழி செய்திருக்கிறார்களா?

பழைய ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது 2022-ம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம். அதனால் இன்றே பத்திரத்தை எடுத்து, உங்கள் பங்கு நிலம் (யு.டி.எஸ்.) எவ்வளவு என்று பாருங்கள். புதிதாக ஃப்ளாட்டுகள் சேரும்போது அந்தப் பங்கு குறையும். எவ்வளவு குறையும், கட்டி முடிக்கும்வரை வாடகை யார் தருவார்கள், எப்போது சாவி கிடைக்கும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாஸ்டர் பிளான் போடும்போது, வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமே சொல்கிறது. அந்த அறிவிப்பு வந்தால், "அவர் பார்த்துக்குவார்" என்று அடுப்படியிலேயே நின்றுவிடாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து எழுதிப் போடுங்கள். தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குவது நாம்தானே!