தகுதி என்னும் சாக்கு

ஜொகூரின் குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல நகர்ப்புறம் பெயர்ந்துவிட்டன. இளைஞர் பலர் விடியுமுன் எழுந்து, பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். எஞ்சி நிற்கும் தமிழ்ச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் தேடினாலும், துக்க வீட்டில் செபஞ்செய்ய ஒருவரை அழைத்தாலும் அடிக்கடி எழும் மறுமொழி, “எனக்கு அந்தத் தகுதியில்லை ஐயா” என்பதே. கேட்பதற்கு இது தாழ்மைபோல் இனிக்கிறது. உண்மையில் இது தாழ்மைதானா?

தயக்கம் வேறு, மறுப்பு வேறு. தன் நாவு மந்தமானது என்று மோசே முறையிட்டபோது ஆண்டவர் சினங்கொள்ளவில்லை; துணையிருப்பதாக வாக்களித்தார். ‘வேறொருவனை அனுப்பும்’ என்று அவன் ஒதுங்கிய பின்னரே அவருக்குக் கோபம் மூண்டது. குறையை ஒப்புக்கொள்வது பணிவு. அக்குறையையே கேடயமாக்கிக்கொண்டு ஒளிவது, அழைத்தவரின் அறிவையே ஐயுறுவதாகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆட விரும்பாதவனோ தன் காலையே கோணல் என்கிறான்!

கரும்பலகையின் முன் முதன்முறை நிற்கும் பயிற்சி ஆசிரியனின் கையிலுள்ள சுண்ணக்கட்டி நடுங்காதிருந்ததுண்டா? வல்லவனான பிறகே வகுப்பில் நுழைவேன் என்று ஒவ்வொருவனும் நின்றிருந்தால், நாட்டில் ஒரு பள்ளியேனும் திறந்திருக்குமா? பணியே பணியாளனை ஆக்குகிறது.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு இதற்குச் சான்று. குளோரிந்தா என்னும் பெயர் பெற்ற கோகிலா ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்தவர். அக்காரணம் பற்றியே சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்குக் கொடுக்க மறுத்தார். அவ்வதிகாரி இறந்த பின், 1778-இல் பாளையங்கோட்டையில் அதே ஐயர் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றார். மறுக்கப்பட்டவர் மனங்கசந்து ஒதுங்கினாரா? இல்லை. 1780-இல் அங்கே நாற்பதின்மர் கொண்ட சபையொன்று பதிவாயிற்று. அவர் எழுப்பிய ஆலயம் 1785-இல் திறக்கப்பட்டது. ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று மக்கள் அதனை அழைத்தனர். தகுதிச் சான்று கேட்டிருந்தால் எதனை நீட்டியிருப்பார் அந்த அம்மையார்?

ஒரு நூற்றாண்டுக்குப்பின் அதே மண்ணில், வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணராயிருந்தவர். பிறரை அனுப்பியதோடு அமையாமல், 1909-இல் தாமே தோர்ணக்கல் சென்று, தெலுங்கு மக்களிடையே பணியாற்றினார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பட்டத்திற்காகக் காத்திருந்தாரெனில் தோர்ணக்கல் என்னாகியிருக்கும்?

குற்றத்தை மறைத்துக்கொண்டு ஊழியத்தில் இறங்கலாம் என்பது இதன் பொருளன்று. சுவார்ட்சு ஐயரின் கண்டிப்பில் நியாயம் இருந்தது. பயிற்சியும் ஒழுக்கமும் தேவையே. ஆயினும் முடிந்துபோன பாவத்தை வாழ்நாள் விலங்காக மாட்டுவது நியாயமன்று.

இங்கே சபைகளும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். ஆங்கிலம் பேசுவோனுக்கு முன்வரிசை, தோட்டத்து முதியவருக்குக் கடைசி வாங்கு என்றால், தகுதியில்லை என்னும் சொல்லை அவர் வாயில் ஊட்டியவர் யார்? ஒருவனின் பழைய குடிப்பழக்கத்தையும் குலத்தையும் இன்னும் கிசுகிசுப்போர், பின்னர் ஊழியத்திற்கு ஆளில்லை என்று புலம்புவது எவ்வாறு தகும்?

தகுதியுடையோரைத் தேடிக் கலிலேயாவின் கடற்கரைக்கு எவரும் போகமாட்டார். ஆண்டவர் போனார், மீன் நாறும் கைகளைப் பற்றினார். ஜொகூரின் நெய்ப்பனைத் தோட்டத்திலும் பாசீர் கூடாங் தொழிற்சாலையிலும் உழைக்கும் கைகள் அவற்றினும் கீழானவை அல்ல. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் வந்து அமர்ந்திருப்பர். அவர்கள் முன் நிற்பவர் யார்?